பன்னிரண்டு அடிக் கிளி

அன்புள்ள ராஜுவுக்கு, அம்மா எழுதுவது.

கவரைப் பிரித்ததும் உன் முகம் எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். முழுக்க முழுக்கத் தமிழ், அதுவும் என் கையெழுத்தில். ஊருக்குப் போனால் பஸ் போர்டு வாசிக்கிற அளவுக்குத்தான் உனக்குத் தமிழ் வரும். இதில் இரண்டு வரி தாண்டுவதற்குள் மூச்சு வாங்கிவிடும். அதற்காகத்தான் கவரின் மேலேயே இந்தியில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தேன், இதை உன் பெண்டாட்டி கோமதி வாசித்துச் சொல்லுவாள் என்று. உள்ளேயே நிஜாமுதீனிலிருந்து திருநெல்வேலிக்கு டிக்கெட்டும் வைத்தேன். உங்க அப்பாவிடம் நீட்டி வாசிக்கச் சொல்லலாம் என்று பார்த்திருப்பாய். அவரிடம் முன்னாலேயே சொல்லி வைத்திருந்தேன், கண்ணாடியைக் காணோம் என்றுதான் சொல்லியிருப்பார். ஆக, இப்போது நீ இதைக் காதால் கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்றால், ரயிலேறி, திருநெல்வேலியில் இறங்கி, பஸ் பிடித்து, தென்காசியில் உன் மாமியார் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாய் என்று அர்த்தம். அந்த மட்டுக்கும் புத்தி வந்ததே. வராமல் இருந்திருந்தால் இது உன் கம்ப்யூட்டர் மேஜையிலேயே கிடந்து தூசி படிந்திருக்கும், நான் பாட்டுக்குச் சுவரைப் பார்த்துக் கத்தினது மாதிரி ஆகியிருக்கும். அதுவும் எனக்குப் புதுசு இல்லை.

கோமதி, வந்தவனுக்கு முதலில் காப்பி கொடு. இரண்டு ராத்திரி ரயிலில் உட்கார்ந்து வந்திருப்பான். பிறகு நிதானமாக, சத்தமாக வாசி. அவனைத் திட்டுகிற இடம் வந்தால் விழுங்கிவிடாதே, அங்கே இன்னும் கொஞ்சம் சத்தமாகவே வாசி. உன்னைத் திட்டுகிற இடமும் வரும், அதையும் விடாதே. ராஜு, நீ நடுவில் எழுந்து மாடிக்குப் போகக் கூடாது. செல்போனை எடுத்து நோண்டக் கூடாது.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு பெற்ற பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிறவள் டெல்லியிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வேறென்ன செய்ய? பேச வந்தால் காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்கிறாய். சாப்பிடும்போது கேட்டால், "ஹாங் அம்மா, தேக்லேங்கே" என்கிறாய். பார்க்கலாம், பார்க்கலாம் என்று ஆடி போய் ஆவணியும் முடியப் போகிறது. டீயை எடுத்துக்கொண்டு உன் டிசைனிங் கடைக்குள் வந்தால், நான் என்னவோ உன் ரகசியத்தைத் திருட வந்தவள் மாதிரி பட்டென்று மானிட்டரை அணைக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மார்க்கெட்டே ஷட்டரை இழுத்துவிட்டுத் தூங்குகிற நேரத்தில் நீ மட்டும் உள்ளே உட்கார்ந்து என்னத்தைத்தான் கிழிக்கிறாயோ. உங்க அப்பாவிடம் புலம்பினால் அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரே பதில், அச்சா. மகன் மருமகளைக் கூட்டி வரமாட்டேன் என்கிறானே என்றாலும் அச்சா, தண்ணி லாரி வந்திருக்கிறது என்றாலும் அச்சா. இந்த இரண்டு ஆம்பிளைகளுக்கு நடுவில் நான் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

உங்கள் கல்யாணத்தைப் பேசி முடித்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. ஜாதகம் பொருந்திவிட்டது, அதைவிட முக்கியமாகத் தொழில் பொருந்திவிட்டது என்று ஆர்.கே.புரத்தில் எனக்குத் தெரிந்த அத்தனை பேரிடமும் சொன்னேன். பையன் கம்ப்யூட்டர் டிசைனிங், பெண்ணும் கம்ப்யூட்டர் டிசைனிங், திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு அச்சகத்தில் வேலை பார்க்கிறாள், இரண்டு பேரும் ஒரே லைன், ஒரே கடையில் உட்கார்ந்து பிழைத்துக்கொள்வார்கள் என்று. பெண் பார்க்கப் போன அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். தனியாகப் பேசட்டும் என்று உங்களை முற்றத்தில் விட்டால், மற்றப் பிள்ளைகள் என்ன படம் பிடிக்கும், என்ன பாட்டுப் பிடிக்கும் என்று கேட்கும், நீ கேட்டது, "எதுல வேலை செய்வே?" அவள், "கோரல் டிராவுல." நீ, "அவ்வளவுதானா? போட்டோஷாப் தெரியாதா? கோரல் ஸ்டிக்கர் வெட்டுறவங்க வச்சிருக்கிறது." அவள் தலையைக் குனிந்தபடியே, "நீங்க கல்யாண போட்டோவுல பரு எடுக்கிறவங்களா?" என்றாள். உள்ளே அவ்வளவு பேரும் சிரித்தோம். நல்ல வாய்த்துடுக்கு, இவனுக்குச் சரியான ஜோடி என்று நானே சொன்னேன். சிரித்ததற்கு இப்போது அனுபவிக்கிறேன்.

கடை திறந்த நாளிலிருந்து என் சாப்பாட்டு மேஜையில் இந்த ஒரு சண்டையைத் தவிர வேறு பேச்சே கிடையாது. சாம்பாரை ஊற்றும்போது பிக்சல், ரசத்துக்குக் கர்வ், மோருக்கு ரெசொல்யூஷன். எனக்கு வேண்டாம் வேண்டாம் என்றாலும் காதில் விழுந்து விழுந்து மனப்பாடமாகிவிட்டது. ராஜு, நீயும் கேள், கோமதி, நீயும் கேள். நான் ரிட்டயரான ஸ்டெனோ. மினிஸ்ட்ரியில் என் வயசெல்லாம் ஷார்ட்ஹேண்ட் எடுத்தே போனது. எனக்கு இப்படித்தான் புரிந்தது. அதிகாரி சொல்லச் சொல்ல நான் கிறுக்கிய கோடுகளை வைத்து எத்தனை தடவை வேண்டுமானாலும் புதுசாக டைப் அடிக்கலாம், ஒவ்வொரு தடவையும் பளிச்சென்று வரும். ஒரு பெயரை மாற்றச் சொன்னாலும் மாற்றி அடித்துக் கொடுத்துவிடலாம். இவள் கோரல் அந்த மாதிரி. கோடு எங்கே தொடங்கி எப்படி வளைந்து எங்கே முடிகிறது என்பதை மட்டும் வைத்துக்கொள்கிறது, நகத்தளவில் வேண்டுமென்றாலும் சுவரளவில் வேண்டுமென்றாலும் கோடு கோடாகவே நிற்கும். உன் போட்டோஷாப், கார்பன் வைத்து எடுத்த காப்பி. தாளில் என்ன விழுந்ததோ அதுதான் சொத்து. அதிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து இன்னொன்று என்று இழுத்தால் கலங்கிப் போய்விடும். ஆனால் ஒரு மனுஷன் முகத்தைப் பத்துக் கோட்டில் கொண்டுவர முடியுமா? கன்னத்தில் விழுகிற வெளிச்சம், பட்டுப்புடவையின் மடிப்பு, குழந்தையின் தலைமுடி, இதையெல்லாம் பொட்டுப் பொட்டாகப் பார்த்துப் பார்த்துச் செய்வதற்கு உன் போட்டோஷாப்தான் வேண்டும். போட்டோ வந்தால் அவன் பார்க்கட்டும், எழுத்தும் கோடும் வந்தால் இவள் பார்க்கட்டும். இவ்வளவுதானே விஷயம்? அப்பளம் பொரித்துக்கொண்டே எனக்குப் புரிந்தது உங்கள் இரண்டு பேருக்கும் ஏன் புரியவில்லை? புரியாமல் இல்லை. கொழுப்பு.

கோமதி, உன் பங்கையும் சொல்லிவிடுகிறேன். கஸ்டமர் வந்து போட்டோ வேலை இருக்கிறது என்றால், "அது அவங்க டிபார்ட்மெண்ட், பரு எடுக்கிற டிபார்ட்மெண்ட்" என்று அவன் காதுபடச் சொல்வாய். ஒரு தடவை இரண்டு தடவை என்றால் கேலி. தினமும் சொன்னால் அது குத்தல். நான் கண்ணைக் காட்டினேன், நீ பார்க்காத மாதிரி இருந்துவிட்டாய். சரி, மேலே வாசி.

கடை போர்டில் இருக்கிற கிளியால் வந்த சண்டைக்கு முன்னாலேயே ஒன்று நடந்தது, அதைப் பற்றி வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை. உங்கள் கல்யாண ஆல்பம். வெளியே கொடுக்க மாட்டேன், நானே பண்ணுவேன் என்று ராஜு நீ மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்தாய். உண்மையைச் சொல்ல வேண்டுமானால் அழகாகத்தான் இருந்தது. மேல் வீட்டு ஆன்ட்டி வந்து பக்கத்துக்குப் பக்கம் வாவ் வாவ் என்றாள். கோமதி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டே வந்தவள், தாலி கட்டுகிற படத்தில் நிறுத்தி என்னைப் பார்த்து, "அத்தை, இந்தப் பொண்ணு யாரு?" என்றாள். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. மாநிறப் பெண்ணைச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுக்க வைத்திருந்தாய். சின்ன வயசில் ஊஞ்சலில் இடித்து இடது புருவத்தில் ஒரு வெட்டு இருக்கிறதே, முடி முளைக்காத இடம், அதைத் தேடினேன், காணோம். நான் கேட்டதற்கு என்ன சொன்னாய்? "அம்மா, எல்லா கஸ்டமருக்கும் செய்யறதுதான், கை தன்னால போயிடும்." கட்டின பெண்டாட்டி உனக்குக் கஸ்டமரா? அவள் முகத்தில் இருப்பதை அழிக்க உன் கை தன்னால் போகும் என்றால், அந்தக் கையை என்ன செய்வது? அவள் அன்றைக்கு அழவில்லை, சண்டை போடவில்லை. ஆல்பத்தை மூடி பீரோவில் வைத்துவிட்டு வெண்டைக்காய் நறுக்க உட்கார்ந்தாள். நீ அதைப் பார்த்து, விஷயம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாய்.

பிறகு அந்தக் கிளி. கடைக்கு ஒரு அடையாளம் வேண்டும் என்று கோமதி வரைந்தது. தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கிற கிளி. நாலைந்து வளைவுதான், மூக்குக்கு ஒரு சிவப்பு, அவ்வளவுதான், ஆனால் பார்த்தால் இப்போது ஏதோ சொல்லப் போகிறது என்று இருக்கும். விசிட்டிங் கார்டில் போட்டபோது அடுத்த கடைக்காரர்கூட யார் வரைந்தது பையா என்று கேட்டார். நீ சும்மா இருந்திருக்கலாம். இது ரொம்பச் சப்பையாக இருக்கிறது, எஃபெக்ட் வேண்டும் என்று அந்த விசிட்டிங் கார்டு அளவிலேயே உன் போட்டோஷாப்புக்குள் இழுத்து, தங்க விளிம்பு வைத்து, கீழே நிழல் வைத்து, கண்ணில் ஒரு மினுக்கு வைத்து, லேயரையெல்லாம் ஒன்றாக அமுக்கிச் சேமித்தாய். அந்த வாரமே வைரஸ் வந்துவிட்டது என்று கடை கம்ப்யூட்டர் இரண்டையும் ஃபார்மேட் செய்தாய். செய்யும்போது உன் தங்கக் கிளியை மட்டும் சி.டி.யில் எடுத்து வைத்துக்கொண்டு அவள் கோரல் ஃபைலை விட்டுவிட்டாய். கேட்டதற்கு, "அதுதான் இதுல இருக்கே" என்றாய். இதில் இல்லை, ராஜு. அமுக்கின பிறகு அதில் எதையும் பிரித்து எடுக்க முடியாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான்.

அதையே பன்னிரண்டு அடிக்கு பிளெக்ஸ் அடிக்கக் கொடுத்தாய். கோமதி சொன்னாள். நான் சாட்சி. "இதைப் பெருசு பண்ணாதீங்க, கட்டம் கட்டமா வரும், ரெண்டு நாள் குடுங்க, நான் புதுசா வரைஞ்சு தாரேன்" என்றாள். போர்டு பூஜைக்கு நாள் குறித்தாயிற்று, ஜல்தி வேண்டும், தூரத்திலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது என்றாய். பூஜை அன்று அக்கம்பக்கத்து ஜனமெல்லாம் வாசலில் நிற்க, போர்டின் மேல் கட்டியிருந்த துணியை நீயே இழுத்தாய். நான் கற்பூரத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். கிளியா அது? படிக்கட்டுப் படிக்கட்டாக ஒரு மூக்கு, தாயக் கட்டம் மாதிரி ஒரு வயிறு, அதைச் சுற்றி மஞ்சள் கலங்கல். மேல் வீட்டு ஆன்ட்டிக்கு மனசில் ஒன்றும் கிடையாது, பார்த்ததைக் கேட்பாள். "பேட்டா, தோத்தே கோ க்யா ஹோ கயா?" கிளிக்கு என்ன ஆச்சு என்றாள். அத்தனை பேரும் உன்னைப் பார்த்தார்கள். அப்போது நீ சிரித்துக்கொண்டு சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது. "கோமதி நே பனாயா, ஆன்ட்டி. உஸ்கோ இத்னா ஹீ ஆதா ஹை." கோமதி வரைந்தது, அவளுக்கு அவ்வளவுதான் வரும்.

அவளுக்கு இந்தி தெரியாது என்ற தைரியத்தில்தானே அப்படிச் சொன்னாய்? பக்கத்தில் குங்குமக் கிண்ணத்தோடு நின்றவள் முகத்தை நீ திரும்பியே பார்க்கவில்லை. டெல்லிக்கு வந்த நாளிலிருந்து காய்கறி வண்டிக்காரனிடமும் மேல் வீட்டு ஆன்ட்டியிடமும் பேசிப் பேசி அவள் இந்தி பழகியிருந்தாள். உனக்குத் திடீரென்று ஒரு நாள் பேசிக் காட்ட வேண்டும் என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். அவங்க பிறந்த நாள் வரட்டும் அத்தை என்றாள். அந்த இந்தியை வைத்து அவள் முதல் முதலாக முழுசாகப் புரிந்துகொண்டது நீ சொன்ன அந்த வாக்கியத்தை. அவள் கிண்ணத்தை என் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் சுண்டல் கொடுக்கப் போய்விட்டேன். அவ்வளவு பேர் வந்திருக்கும்போது என்ன செய்ய முடியும்? அவளுக்குப் புரியாது என்று நினைத்த மொழியில் நீ பேசினாய். அதனால்தான் இதை உனக்கு வாசிக்க வராத மொழியில் எழுதுகிறேன். உன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல், அதைக் கையில் பிடித்துக்கொண்டு அவ்வளவு தூரம் வந்து, அவள் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய் இல்லையா? எப்படி இருக்கிறது?

அடுத்த வாரம் ஆடி பிறந்தது. தலை ஆடி, முறைப்படி அவள் அண்ணன் வந்து சீர் வைத்து அழைத்துப் போனான். உனக்கு ரொம்ப சௌகரியமாகப் போயிற்று. ஊருக்கும் தெரியாது, உறவுக்கும் தெரியாது, ஆடிக்குப் பெண் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் அவள் பெட்டி கட்டும்போது நான் பார்த்தேன். புடவை நாலு, அவள் மவுஸ் ஒன்று. கம்ப்யூட்டரிலிருந்து வயரைக் கழற்றிச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, ஜாக்கெட் துணிக்குள் வைத்து எடுத்துக்கொண்டாள். ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போகிறவள் மவுஸை எதற்கு எடுத்துப் போகிறாள்? எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. நீயோ அவள் கம்ப்யூட்டரில் உட்காரப் போன அன்றுதான் கவனித்து, "அம்மா, மவுஸ் எங்கே?" என்று கேட்டாய். மவுஸ் எங்கே என்று கேட்கத் தெரிந்தது.

ஆடி கழிந்தால் மாப்பிள்ளை போய்க் கூட்டி வர வேண்டும். இது சட்டம் இல்லை, மரியாதை. நீ, "தானா போனா, தானா வரட்டும்" என்றாய். தானாகவா போனாள்? எனக்கு வாயில் வந்ததை அன்று கேட்டேன், நீ ஹெட்போனை மாட்டிக்கொண்டாய். போன வாரம் உன் மாமியாரிடம் போனில் பேசினேன். பாவம், அந்த அம்மா பதறிப் பதறிப் பேசினாள். திருநெல்வேலி அச்சகத்தில் பழைய வேலைக்கே மறுபடி கூப்பிட்டிருக்கிறார்களாம். புரட்டாசி பிறந்ததும் சேரலாமா என்று கோமதி யோசிக்கிறாளாம். "மருமவன் ஒரு வார்த்தை பேசலியே மதினி, நாங்க என்னன்னு நினைக்க?" என்றாள். நான் என்ன பதில் சொல்வது? என் பிள்ளைக்குத் தென்காசி நம்பரைச் சுழற்றத் தெரியாது என்றா?

ராஜு, நீ கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் திட்டி விட்டுவிட்டுப் போய்விடுவேன், இவ்வளவு பக்கம் எழுத மாட்டேன். உன்னிடம் ஒரு வியாதி இருக்கிறது. ஒன்று நடந்துவிட்டால் அதை அப்படியே அமுக்கி மூடிவிடுவாய். பிறகு யார் வந்து கேட்டாலும், இனி மாற்ற முடியாது, ஜோ ஹோ கயா ஸோ ஹோ கயா, நடந்தது நடந்ததுதான் என்பாய். பத்தாவதில் கணக்கு மாஸ்டரிடம் சண்டை போட்டுவிட்டு, மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக டியூஷனையே மாற்றிக்கொண்டாய். கூடவே சுற்றிய சுரிந்தரோடு கிரிக்கெட்டில் ஏதோ தகராறு, அவன் வீடு மாறிப் போகிற வரைக்கும் பேசவில்லை. அவன் அம்மா லட்டு டப்பாவோடு வந்து விடைபெற்றபோது நீ பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். இதெல்லாம் சின்னப் பிள்ளையில் சரி. பெண்டாட்டியிடம் இப்படி முடியாது. தப்பாகப் போன இடத்தில் திரும்பப் போய் உட்கார்ந்து, அதைப் பிடித்து, இழுத்து, சரி பண்ண வேண்டும். சரியாக வருகிறதா என்று தள்ளி நின்று பார்க்க வேண்டும். மறுபடி இழுக்க வேண்டும். கோமதி அந்தக் கிளியை எத்தனை நாள் அப்படி உட்கார்ந்து வரைந்தாள் என்று உனக்குத் தெரியும், பக்கத்து நாற்காலியில்தானே இருந்தாய்.

அந்த போர்டு இன்னும் அங்கேயேதான் தொங்குகிறது. மழையில் ஒரு பக்கம் கிழிந்துவிட்டது. இறக்கிவிடு என்றால் இறக்கமாட்டேன் என்கிறாய், மாற்று என்றால் மாற்றமாட்டேன் என்கிறாய். வருகிற ஜனம் கேட்கிறதே என்றால் கேட்கட்டும் என்கிறாய். மேல் வீட்டு ஆன்ட்டி நேற்றுகூட, "பஹூ கப் ஆயேகி?" என்று கேட்டாள். மருமகள் எப்போது வருவாள் என்று கேட்கிறவளுக்கு நான் கிளியையா காட்டுவது?

உனக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். அவளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று நான் எழுதித் தரமாட்டேன். அதையும் நான் எழுதி, அவளே வாசித்து, அவளுக்கே சொல்லிக்கொள்ள வேண்டுமா? நீயே சொல். தமிழில் வராவிட்டால் இந்தியில் சொல், அவளுக்குப் புரியும். நாலு பேர் முன்னால் சொன்னதை நாலு பேர் முன்னால் மாற்றிச் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் மறக்காதே. மேல் வீட்டு ஆன்ட்டிக்கு வயசாகிறது, காது மந்தம், கொஞ்சம் சத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கும். போய்க் கை கால் கழுவிக்கொண்டு, உன் மாமனாரிடம் நாலு வார்த்தை பேசு. இங்கே நாங்கள் நன்றாக இருக்கிறோம், அவசரப்பட்டுத் திரும்ப வேண்டாம்.

கோமதி, இதோடு சத்தமாக வாசிப்பதை நிறுத்து. இனி எழுதியிருப்பது உனக்கு மட்டும். அவன் கையிலேயே கொடுத்தாலும் அவனுக்கு ஒன்றும் ஓடாது, பயப்படாதே.

நான் இந்த வீட்டுக்கு மாமியார், அவனுக்கு அம்மா. அவன் பக்கம்தான் பேசுவேன் என்று நீ நினைத்தால் அதில் தப்பில்லை. வருவதும் வராததும் உன் இஷ்டம். அந்த வேலை பிடித்திருந்தால் போ. நானும் கடைசி நாள் வரைக்கும் ஆபீசுக்குப் போனவள்தான். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் முடிவு பண்ணுவதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொண்டு முடிவு பண்ணு. இதைச் சொல்லாமல் என்னால் தூங்க முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டரைப் போட அவன் பின்பக்கம் ஓடினான். நான் டீயோடு உள்ளே வந்தேன். யு.பி.எஸ். கத்திக்கொண்டிருந்தது, மானிட்டர் எரிந்துகொண்டிருந்தது, அணைக்க அவனுக்கு நேரமில்லை. அவன் உட்கார்ந்திருந்தது உன் நாற்காலியில், உன் கம்ப்யூட்டரில். திறந்திருந்தது உன் கோரல். அதில் ஒரு கிளி. பக்கத்திலேயே வெளியே தொங்குகிற போர்டை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, அந்தக் கலங்கலுக்குள் உன் கோடு எங்கே ஓடுகிறது என்று தேடித் தேடி, புள்ளி வைத்து, புள்ளிக்குப் புள்ளி மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதை இழுத்து இழுத்து வரைந்துகொண்டிருக்கிறான். யாரிடமும் கேட்கவில்லை, தானாகவே தட்டுத்தடுமாறிப் பழகியிருக்கிறான். நன்றாக வந்திருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். பார்த்தால் கோழி. கழுத்து திரும்பவே இல்லை. மூக்கு மட்டும் கொஞ்சம் உன்னுடையது மாதிரி இருந்தது. ஓரத்தில் வரிசையாக ஃபைல்கள், ஆங்கிலத்தில் பெயர் வைத்திருக்கிறான், கோமதி கிளி, கோமதி கிளி ஃபைனல், கோமதி கிளி ஃபைனல் ஃபைனல், ஸ்கிரீன் முழுக்க அதுதான். எதை எடுத்தாலும் அமுக்கி மூடி அழித்துவிடுகிற பிள்ளை, அதில் ஒன்றைக்கூட அழிக்கவில்லை. ஜெனரேட்டர் சத்தம் கேட்டதும் நான் டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நீயும் காட்டிக்கொள்ளாதே, அவனாகச் சொல்லட்டும். சொல்லாவிட்டால் இன்னும் நாலு திட்டு திட்டு, நான் அனுமதி தருகிறேன்.

இப்போது நிமிர்ந்து பார், உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். அம்மா இன்னும் என்ன எழுதியிருக்கா என்று கேட்பான். வரும்போது ஊரிலிருந்து கருப்பட்டி வாங்கி வரச் சொல்லியிருக்காங்க என்று சொல். வாங்கியும் அனுப்பு. யார் கையில் கொடுத்து அனுப்புவது என்பது உன் இஷ்டம்.

நீயே எடுத்து வருவதாக இருந்தால், மவுஸை மறந்துவிடாதே. இங்கே இருப்பதில் உன் கிளியை வரைந்தே அவன் பட்டனைத் தேய்த்துவிட்டான்.

உன் அத்தை